தாய்ச்சி, ஷிங்யீ, பாகுவா: பயிற்சியை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது

வேலூர் கோட்டை மைதானத்தில் காலையில் என்னைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது சார் பெஸ்ட்?" என்பதுதான். கேட்பதற்கு முன்பே கைபேசியில் நாலு காணொளி பார்த்திருப்பார்கள். ஒன்றில் ஒரு பெரியவர் மெதுவாகக் கையை அசைக்கிறார். இன்னொன்றில் ஒருவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். மூன்றாவதில் ஒருவர் ஒரே குத்தைக் குத்திக்கொண்டு நேராகப் போகிறார், திரும்புகிறார், மறுபடி அதே குத்து. முதலாவது தாய்ச்சி, இரண்டாவது பாகுவா, மூன்றாவது ஷிங்யீ. இந்த மூன்றையும் சீனாவில் உள்முகத் தற்காப்புக் கலைகள் என்று ஒரே வகையில் சேர்க்கிறார்கள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்தான்.

நான் ராணிப்பேட்டை டேனரியில் வேலையை ஆரம்பித்து, ஷூ கம்பெனி வழியாகச் சீனாவில் இருக்கும் டோங்குவானுக்குப் போய், அங்கே பல வருடம் தோலின் தரம் பார்த்துக்கொண்டிருந்தவன். குடியிருந்த இடத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மூலையில் யாங் பாணித் தாய்ச்சி நடக்கும், எதிர் மூலையில் ஷிங்யீ. இரண்டையும் அங்கேயே கற்றேன். பாகுவா கொஞ்சம் தாமதமாக வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு மூன்றையும் வேலூர் வெயிலிலும் மொட்டை மாடியிலும் வைத்துப் பார்த்ததில் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு. எந்தப் பாணி உயர்ந்தது என்பதைப் பேச்சில் தீர்க்க முடியாது. ஒவ்வொரு பாணியும் உங்களைத் தினமும் எதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறது, அதை உங்கள் முட்டியும் உங்கள் வீடும் தாங்குமா என்பதைத்தான் ஒப்பிட முடியும்.

அதற்கு நாலு விஷயம் போதும். எப்படி நிற்கச் சொல்கிறார்கள், எப்படி அடி வைக்கச் சொல்கிறார்கள், எதைத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள், இன்னொரு ஆளோடு எப்போது, எப்படிப் பழகச் சொல்கிறார்கள். கை அலங்காரம், உடை, ச்சி என்கிற உயிராற்றல் பற்றிய பேச்சு எல்லாவற்றையும் முதல் ஆறு மாதத்துக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

வரலாறு தேவையான அளவு மட்டும். தாய்ச்சியின் பழைய ஊர் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் கிராமம். அங்கே கற்ற யாங் லூச்சான் (1799–1872) அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ பரப்பிய பெரிய, நிதானமான அசைவுகளைத்தான் இன்று உலகம் தாய்ச்சி என்று நினைக்கிறது. ஷிங்யீ ஷான்ஷி, ஹெபெய் மாகாணங்கள் பக்கத்தது. பாகுவாவைப் பெய்ஜிங்கில் பரப்பியவர் 1882-இல் இறந்த டோங் ஹாய்ச்சுவான். ஒப்பிடும் வேலைக்கு முக்கியமானவர் சுன் லூடாங் (1860–1933). ஷிங்யீயைக் குவோ யுன்ஷென்னிடமும், பாகுவாவைச் செங் டிங்ஹுவாவிடமும் கற்றுத் தேறியவர், ஐம்பது வயதைத் தாண்டி ஹாவ் வெய்ஜென்னிடம் தாய்ச்சி கற்றார். அப்புறம் அவர் உண்டாக்கிய தாய்ச்சியில் ஒரு கால் முன்னே போனால் மறுகால் பின்னாலேயே வந்து சேரும். அது ஷிங்யீயின் அடி. காணொளி பார்த்து ஒப்பிட வேண்டுமென்றால், யாங் பாணி ஒன்றையும் சுன் பாணி ஒன்றையும் அடுத்தடுத்து போட்டு, கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். நான் இங்கே சொல்ல வருவதில் பாதி அதிலேயே புரிந்துவிடும்.

முதலில் நிற்பது

தாய்ச்சியில் நிற்பது எளிதாகத் தெரியும். பாதங்கள் தோள் அகலத்தில், இணையாக. முட்டி லேசாக மடங்கியிருக்கும். கைகள் நெஞ்சுக்கு முன்னால் வளைந்து, அக்குளில் காற்று போகிற அளவுக்கு இடைவெளி. ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரங்கள் போகப் போக இருபது வரை கூட்டலாம். இங்கே வேலையே தளர்த்துவதுதான். தோள் தானாக ஏறும், இறக்க வேண்டும். இடுப்பு பின்னால் துருத்தும், அதை விட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் எங்கெங்கே நீங்கள் வீணாக இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ஷிங்யீயில் சான்டிஷி என்ற ஒரு நிலை. எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது என்பது அவர்கள் கட்சி. முன்பாதம் நேராக, பின்பாதம் ஏறக்குறைய 45 பாகை வெளியே திரும்பி இருக்கும். எடையில் அறுபது பங்கு பின்காலில், நாற்பது முன்காலில். சில பரம்பரைகளில் எழுபது, முப்பது. முன்கை உள்ளங்கை முன்னோக்கி, விரல் நுனி மூக்கு உயரத்துக்குப் பக்கத்தில். பின்கை தொப்புள் பக்கத்தில். தோளும் இடுப்பும், முழங்கையும் முட்டியும், கையும் பாதமும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும் என்பது வெளி இணக்கம் மூன்று. நின்று பார்த்தால் இரண்டாவது நிமிடத்தில் பின்தொடை பேச ஆரம்பிக்கும்.

ஷிங்யீ நிலை சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். யாரையாவது உங்கள் முன் உள்ளங்கையில் கை வைத்து மெதுவாக, நிதானமாக அழுத்தச் சொல்லுங்கள். இடிக்கக் கூடாது. அழுத்தம் முழங்கை வழியாகத் தோளுக்கு வந்து, முதுகில் இறங்கி, பின் குதிகாலில் போய் உட்கார்ந்தால் நிலை சரி. தோள் காதை நோக்கி ஏறினாலும், இடுப்பு வளைந்து பின்னால் மடங்கினாலும், நீங்கள் கையால் தாங்குகிறீர்கள் என்று அர்த்தம். இதே சோதனையைத் தாய்ச்சி நிலையில் மணிக்கட்டில் செய்து பாருங்கள். அங்கே அழுத்தம் இரண்டு பாதத்துக்கும் பிரிந்து இறங்கும். ஷிங்யீயில் அது ஒரே கோடாகப் போகும். புத்தகத்தில் பத்து பக்கம் படித்தாலும் புரியாத வித்தியாசம் இது, உடம்பில் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

பின்கால் முட்டி உள்ளே விழுவதுதான் சான்டிஷியில் எல்லோருக்கும் வரும் கோளாறு. பாதம் வெளியே பார்க்கும், முட்டி உள்ளே பார்க்கும், நடுவில் மாட்டிக்கொள்வது மூட்டு. முட்டி எப்போதும் கால்விரல் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும். இது மூன்று பாணிக்கும் பொது. வலி தொடையில் வந்தால் இருக்கட்டும், முட்டியில் வந்தால் உடனே உயரத்தைக் கூட்டி நில்லுங்கள்.

பாகுவாவில் பெரும்பாலான இடங்களில் நிற்க வைத்து நேரம் போக்குவதில்லை. நடக்க வைப்பார்கள். ஆனால் மேல் உடம்பு நிற்கும். கைகளை ஒரு நிலையில் வைத்து, வட்டத்தின் மையத்தை நோக்கி இடுப்பைத் திருப்பி, அந்த முறுக்கைக் கலைக்காமல் எட்டு நிலைகளில் மாற்றி மாற்றி வட்டம் போவது அவர்களுடைய அடிப்படை.

அடி வைப்பதைப் பாலாற்றில் பார்க்கலாம்

"தண்ணியில்லாத ஆறு" என்று வேலூரைக் கேலி செய்வார்கள். பாகுவா பழக அதுவே வசதி. லாரி ஏற்றிப் போனது போக மிச்சமிருக்கும் மணலில், ஈரம் கொஞ்சம் பிடித்திருக்கும் இடமாகப் பார்த்து, எட்டுக் காலடியில் சுற்றி வரும் அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். உள்கால் நேராக, வெளிக்கால் கொஞ்சம் உள்நோக்கி. பாதத்தைத் தட்டையாகத் தூக்கி, கணுக்கால் கணுக்காலை உரசுகிற மாதிரி பக்கத்தில் கொண்டுபோய், தட்டையாகவே முன்னால் சறுக்கி வைக்க வேண்டும். சேற்றில் நடப்பது என்றே அந்த நடைக்குப் பெயர்.

பத்து சுற்று போன பிறகு வெளியே வந்து தடங்களைக் குனிந்து பாருங்கள். மணல் பொய் சொல்லாது. தடத்தின் பின்பக்கம் குழி விழுந்திருந்தால் நீங்கள் வழக்கம்போலக் குதிகால் ஊன்றி நடந்திருக்கிறீர்கள். முன்பக்கம் மணல் மேடாகக் குவிந்திருந்தால் விரலால் தோண்டுகிறீர்கள், உடம்பு முன்னால் சாய்கிறது. வெளிக்கால் தடம் மட்டும் ஓரத்தில் சரிந்திருந்தால் இடுப்பு திரும்பாமல் முட்டியை மட்டும் திருப்புகிறீர்கள். இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். நல்ல தடம் ஒரே ஆழத்தில், ஓரம் உடையாமல் இருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிடக் கறாரான வாத்தியார் இந்த ஊரில் இல்லை. கண்ணாடித் துண்டு கிடக்கும், செருப்போடு போங்கள். தட்டையான ரப்பர் செருப்பு போதும்.

அதே மணலில் தாய்ச்சி அடியும் வைத்துப் பார்க்கலாம். தாய்ச்சியில் ஒரு காலில் எடை முழுவதும் இறங்கிய பிறகுதான் மறுகால் கிளம்பும். முன்னே போகும்போது குதிகால் முதலில், எடை இல்லாமல், தொட்டால் தொட்டபடி இருக்கும். அப்புறம்தான் பாதம் படியும், எடை வரும். ஆகவே குதிகால் குழி இங்கே ஆழமாக இருக்கக் கூடாது. ஆழமாக விழுந்திருந்தால் நீங்கள் அடி வைக்கவில்லை, காலில் விழுந்திருக்கிறீர்கள்.

ஷிங்யீக்கு மணல் சரிப்படாது. அதற்குக் கெட்டியான தரை வேண்டும். மொட்டை மாடியில் கோலமாவால் நேர்க்கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். முன்கால் பாய்ந்து போகும், பின்கால் தாமதிக்காமல் தொடர்ந்து வந்து நிற்கும், குத்து பாதத்தோடு சேர்ந்து முடியும். கையும் காலும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். கை முன்னே போய்ப் பாதம் பின்னால் வந்தால் அது வெறும் குத்து. கீழ்வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் ஓங்கி மிதிக்காதீர்கள், ஷிங்யீக்குச் சத்தம் அவசியமில்லை, சேர்மானம்தான் அவசியம்.

எதைத் திரும்பச் செய்கிறோம்

இந்த இடத்தில்தான் மூன்றும் நன்றாகப் பிரிகின்றன.

தாய்ச்சியில் நீண்ட ஒரு தொடர். யாங் பாணியின் முழுத் தொடர் நிதானமாகச் செய்தால் இருபது நிமிடத்துக்குக் குறையாது. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கிக் கொடுத்த 24 அசைவுத் தொடர் ஐந்தாறு நிமிடம். புதியவருக்கு அது போதும், சொல்லப்போனால் பலருக்கு வாழ்நாளுக்கும் போதும். சென் பாணிக்காரர்கள் தொடருக்கு முன்பே கையை மட்டும் முறுக்கிச் சுழற்றும் பயிற்சியை வைத்திருக்கிறார்கள், பட்டுநூல் இழுப்பது என்று பெயர். சுழற்சி இடுப்பில் பிறந்து விரலில் முடிகிறதா என்று அதில் தனியாகப் பார்க்கலாம். தாய்ச்சியின் பலவீனமும் தொடரிலேயே இருக்கிறது. மனப்பாடம் ஆனதும் கற்றுவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும்.

ஷிங்யீயில் ஐந்து குத்துகள்தான் அடித்தளம். பீ மேலிருந்து பிளப்பது. ட்ஸுவான் கீழிருந்து துளைத்து ஏறுவது. பெங் நேராக நொறுக்குவது. பாவ் ஒரு கை மறைக்க மறுகை வெடிப்பது. ஹெங் குறுக்கே வெட்டுவது. உலோகம், நீர், மரம், நெருப்பு, மண் என்று ஐந்தையும் பூதங்களோடு பொருத்துவார்கள். பீ ஒன்றையே மாதக்கணக்கில் செய்ய வைக்கும் ஆசிரியர்தான் உருப்படியான ஆசிரியர். குவோ யுன்ஷென் அரைக் காலடி மட்டும் நகர்ந்து அடிக்கும் பெங் குத்தால் பேர் வாங்கியவர் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. கதை எப்படியிருந்தாலும், அந்தப் பாணியில் எதற்கு மரியாதை என்பது அதில் தெரிகிறது.

பாகுவாவில் வட்டம், அப்புறம் திசை மாற்றுவது. பாதத்தை உள்ளே கொக்கியாக மடக்கி வைத்து ஒரு திருப்பம், வெளியே விரித்து வைத்து மறு திருப்பம், கூடவே உள்ளங்கை மாறும். ஒற்றைக் கை மாற்றம் ஒன்று மட்டும் ஒழுங்காக வந்துவிட்டால் மற்ற மாற்றங்கள் அதிலிருந்தே விரியும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் கஷ்டம். பார்வையைத் தரையில் விடாமல் முன்கையின் ஆள்காட்டி விரலில் வைத்தால் பெருமளவு குறையும்.

சிலம்பம் ஆடியவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் சின்ன வயதில் கொஞ்சமாவது கம்பு சுற்றியவர்கள் நிறைய. அவர்களுக்குப் பாகுவா சீக்கிரம் வருகிறது, ஏனென்றால் காலடி மாற்றித் திரும்புவது ஏற்கெனவே பழக்கம். ஆனால் முன்பாதத்தில் துள்ளும் பழக்கம் தாய்ச்சியில் பெரிய தொல்லை. அதை மறக்கச் சொல்ல வேண்டாம், கம்பு எடுக்கும்போது அப்படி, இங்கே இப்படி என்று பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆளோடு பழகுவது

தாய்ச்சிக்காரர் யாரிடமும் முதலில் கேட்க வேண்டியது, "கை தள்ளும் பயிற்சி உண்டா?" இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டு மணிக்கட்டைத் தொட, ஒருவர் தள்ளும் அழுத்தத்தை மற்றவர் தடுக்காமல், ஓடாமல், வட்டத்தில் ஏற்றுத் திருப்பி விடுவது அது. ஒற்றைக் கையில் ஆரம்பித்து, இரண்டு கை, நின்ற இடம், பிறகு அடி நகர்த்தி என்று போகும். இது இல்லாத தாய்ச்சி உடற்பயிற்சியாக நல்லதுதான், ஆனால் தற்காப்புக் கலை என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே ஆள் கிடைப்பதுதான் பிரச்சினை. காட்பாடியிலிருந்து ஒரு தம்பி வருகிறான், கல்லூரிப் பையன், உடம்பில் பலம் அதிகம். முதல் மாதம் முழுக்க அவன் என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தான். எதிராளியின் அழுத்தத்தைக் கையால் உணர்வதை இங்கே கேட்பது என்பார்கள். "தள்ளாதேப்பா, கேளு" என்றால், "இன்னா சார் கேக்கறது, நீங்கதான் ஒண்ணும் பேசலையே" என்பான். இப்போது அவன் கை வந்து தொட்டதுமே என் எடை எந்தக் காலில் என்று சொல்லிவிடுகிறான்.

ஷிங்யீயில் ஐந்து குத்துகளையும் இருவர் மாறி மாறி அடித்துத் தடுக்கும் தொடர் உண்டு. அதற்கு நேரக் கணக்கு வேண்டும், முன்கையில் தோல் சிவக்கும். பாகுவாவில் இருவரும் மணிக்கட்டைத் தொட்டபடி ஒரே வட்டத்தில் நடந்து, யார் முதலில் மற்றவரின் முதுகுப் பக்கம் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். மூன்றிலும் ஒத்துழைக்காத ஆளிடம் பழகும் கட்டம் எங்காவது இருக்க வேண்டும். 2017-இல் செங்டூவில் ஷூ ஷியாவ்டாங் என்ற கலப்புச் சண்டைக்காரர் ஒரு தாய்ச்சிக்காரரைச் சில நொடிகளில் வீழ்த்திய காணொளியை எல்லோரும் எனக்கு அனுப்புகிறார்கள். அது தாய்ச்சி பொய் என்று காட்டவில்லை. எதிர்ப்பே இல்லாமல் பழகியவர், எதிர்ப்பில் பழகியவர் முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று காட்டுகிறது. தொடாமலே ஆளை எறிகிறேன் என்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஒரு பாணியின் அடிப்படையை மட்டும் ஆறு வாரம் செய்யுங்கள். ஒரே நேரம், ஒரே இடம். அப்புறம் ஒரு வாரம் விட்டுவிட்டு அடுத்தது. ஒரே காலையில் மூன்றையும் கலந்தால் எது எதைச் செய்தது என்று ஒருநாளும் தெரியாது. முதல் இரண்டு வாரக் குறிப்பை நம்ப வேண்டாம், தொடைவலி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

குறிப்பேட்டில் "நன்றாக இருந்தது" என்று எழுதினால் பயனில்லை. மறுநாள் காலையில் படி இறங்கும்போது முட்டி எப்படி இருந்தது, பயிற்சி முடிந்ததும் மூச்சு வாயில் போனதா மூக்கில் போனதா, நின்றபடி பேண்ட் போடும்போது சுவரைப் பிடித்தீர்களா, இதையெல்லாம் எழுதுங்கள். வாரம் ஒருமுறை 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கிப் பாருங்கள். எடை முதலில் எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். இடுப்பில் பிடித்தது தொடைக்கும் பாதத்துக்கும் இறங்க ஆரம்பித்திருந்தால், அந்த ஆறு வாரம் உங்கள் உடம்பு எதையோ கற்றிருக்கிறது. முதுகுவலி உள்ளவர்கள் கேனைத் தொட வேண்டாம், பேண்ட் சோதனையே போதும்.

உடல்நலத்துக்காக என்றால் தாய்ச்சிக்குத்தான் ஆய்வு பலம் அதிகம். முதியோர் தடுமாறி விழுவதை அது குறைக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2012-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரம் இரண்டு முறை ஆறு மாதம் தாய்ச்சி செய்தவர்களின் சமநிலை மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. அறுபதைத் தாண்டியவர், முட்டி தேய்ந்தவர் என்றால் தாய்ச்சியை உயர்ந்த நிலையில் செய்யுங்கள், தாழ்ந்து உட்கார வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஷிங்யீயில் மூச்சைப் பிடித்துக் குத்தக் கூடாது, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. நேரமே இல்லாத, இருபது நிமிடம் மட்டும் கிடைக்கிற, பொறுமையில்லாத ஆளுக்கு நான் ஷிங்யீதான் சொல்வேன். ஒரு நிலை, ஒரு குத்து, பத்து அடி நீளத் தரை இருந்தால் நடக்கும். கூடப் பழக ஆளே கிடைக்காது, ஆனால் வேப்பமரம் நிற்கிற முற்றம் இருக்கிறது என்றால் பாகுவா.

அக்னி நட்சத்திர நாட்களில் ஆறு மணிக்கு முன்னால் ஆரம்பித்து ஏழுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் மாடித் தரை காலைச் சுடும், சூடான தரையில் பாதம் தட்டையாக இறங்க மறுத்து நடையே கெட்டுவிடும். ஐப்பசி மழையில் ஆறும் மாடியும் கைவிட்டுவிடும். அப்போது தாழ்வாரத்தில் தாய்ச்சிக் கைச் சுழற்சியும் சான்டிஷியும் மட்டும் வைத்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். வழுக்கும் டைல்ஸில் வட்டம் நடக்காதீர்கள்.